போன வருஷத்துச் சூடு

பவளக்கொடிக்கு ஒரு வயது நிறைந்த நாளில், ஆலைக் குடியிருப்பின் பதினோரு வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்து, இலைத்துண்டில் கேசரி வாங்கிக்கொண்டு, குழந்தைக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்து, இது அப்பன் ஜாடையா ஆத்தாள் ஜாடையா என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அவள் அம்மா மயிலாத்தாளுக்குப் பிரசவ வலி எடுத்தது. வயிற்றில் வேறு பிள்ளை ஏதும் கிடையாது. போன வருஷம் இதே நாள், இதே நேரம், முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல் பெற்றுப் போட்ட அதே பிள்ளைக்கான வலிதான், அது பாட்டுக்கு ஒரு வருஷம் நடந்து இப்போது வந்து சேர்ந்திருந்தது. பெண்கள் கேசரியை ஓரமாக வைத்துவிட்டு, பெண்கள் எப்போதும் செய்வதைச் செய்தார்கள். பாய் விரித்தார்கள், வெந்நீர் வைத்தார்கள், கையைப் பிடித்துக்கொண்டு "முக்கு சாமி, இன்னங் கொஞ்சம்" என்றார்கள். மூன்று மணி நேரம் கழித்து வலி நின்றபோது, பக்கத்து வீட்டுத் தெய்வானை, வாயெல்லாம் கேசரி அப்பிக்கொண்டு சுவரைப் பிடித்து நின்றிருந்த பவளக்கொடியைத் தூக்கி அவள் மார்பில் போட்டு, "பொட்டப்புள்ள" என்று சொன்னாள்.

அன்றைக்குத்தான் விஷயம் விளங்கியது. பிள்ளை பெற்ற நாளிலிருந்து அந்த ஒரு வருஷமும் மயிலாத்தாளின் உடம்பு மரத்துக் கிடந்தது. அடுப்பு சுட்டாலும் தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது, பிள்ளை பால் குடித்தாலும் தெரியாது. பட்டால்தான் தெரியும் என்று சொல்வார்கள், அவளுக்குப் பட்டும் தெரியவில்லை. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். இப்போது பார்த்தால் உடம்பு ஒன்றையும் தொலைத்துவிடவில்லை. எல்லாம் வந்துகொண்டுதான் இருந்தது, ஒரு வருஷம் தள்ளி. கண்ணும் காதும் மட்டும் அன்றன்றைக்கு உள்ளதைச் சொல்லின.

சுகாதார நிலையத்து டாக்டரம்மா முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கால் உடனே எகிறியது. ஊசியால் விரல் நுனியைக் குத்தினார். விரல் தன்னால் பின்வாங்கியது, ஆனால் மயிலாத்தாள் ஜன்னலில் உட்கார்ந்திருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சூடு பட்டதும் கையை இழுக்கறோமே, அது தலை சொல்லி இழுக்கறதில்ல. முதுகுத்தண்டே முந்திக்கிட்டு உத்தரவு போட்டுடும். அப்புறம்தான் நரம்பு வழியா மேல தலைக்குச் செய்தி போகும். அது போய்ச் சேர்ந்தாத்தான் 'ஐயோ, சுட்டுடுச்சே'ன்னு நமக்கே தெரியும்" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு முதுகுத்தண்டு வரைக்கும் எல்லாம் சரியா இருக்கும்மா. அதுக்கு மேல பாதைதான் நீளமாயிட்டுது."

"எத்தன நீளமுங்?" என்று கேட்டான் கணவன் செங்கோடன். அவன் ஆலையில் பாய்லர்க்காரன். குழாய் நீளம் தெரிந்தால் ஆவி வரும் நேரத்தைச் சொல்லிவிடுவான்.

"முன்னூத்தி அறுபத்தஞ்சு நாள்" என்றார் அவர்.

அந்த ஆலை, ஊதியூர் மலை நீலமாகத் தெரியும் தூரத்தில், காங்கேயம் போகும் சாலையில் இருந்தது. நெல்லை ஊறவைத்து, அவித்து, சிமெண்டுக் களத்தில் கொட்டிப் பரப்பிவிட்டால், பெண்கள் வரிசையாக நின்று வெறுங்காலால் நெல்லுக்குள் கோடு கோடாக உழுதபடி மேலும் கீழும் நடந்து காயவைப்பார்கள். பதம் சொல்லவேண்டியது பாதம். மயிலாத்தாளின் பாதமோ போன வருஷத்து நெல்லின் ஈரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. அதனால் அவள் ஒரு மணியை எடுத்துக் கடித்து, அது நொறுங்கும் சத்தத்தைக் கேட்டுப் பதம் சொன்னாள், அதுவும் பழுதில்லாமல் நடந்தது. செங்கோடன் தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளை எறியாமல், அதன் பின்பக்கத்தில் பென்சிலால், "காலை பத்தரை, இடது முழங்கையில் நெல் அவித்த தண்ணி தெறித்தது" என்று எழுதிக் கம்பியில் குத்தி வைத்தான். அடுத்த வருஷம் அதே தேதிக்கு அந்தத் தாளை உருவிக் களத்துக்குக் கொண்டுவருவான். பெண்கள் ராசிபலன் கேட்கிற மாதிரி சுற்றி நின்று கேட்பார்கள். பத்தரைக்குக் கொஞ்சம் முன்னால் யாராவது ஒருத்தி வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். முதலாளிகூட ஒரு தடவை, "இன்னைக்கு மயிலாத்தாளுக்குத் தேள் கொட்டுற நாளாச்சே, எதுக்கு வேலைக்கு வந்தா?" என்று கேட்டார்.

எல்லாமே துன்பமாகவும் இல்லை. பிள்ளை பால் மறந்து சோற்றுக்கு வந்த பிறகுதான் மயிலாத்தாளுக்கு அது பால் குடிப்பது தெரிந்தது. பவளக்கொடி களத்தில் காக்கை விரட்டிக்கொண்டு ஓடும்போது, மயிலாத்தாள் ஒரு மூலையில் நின்று, மடியில் தவழும் பவளக்கொடியை அனுபவித்துக்கொண்டிருப்பாள். பிள்ளை எதிரில் நின்று கழுத்தைக் கட்டிக்கொண்டால், கட்டுவதைக் கண்ணால் பார்த்து வைத்துக்கொண்டு ஒரு வருஷம் காத்திருப்பாள். ஒரே பிள்ளையை இரண்டு வயதில் வைத்து ஒரே சமயத்தில் வளர்த்தவள் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

ஒன்று மட்டும் முடியாது. பிள்ளை குளிக்கிற தண்ணீர் சூடா, பால் ஆறிவிட்டதா, நெற்றி கொதிக்கிறதா என்று அவள் கைக்குத் தெரியாது. அதற்குத் தெய்வானையின் கை இருந்தது. தெய்வானை நாற்பது வயதுக்காரி, பிள்ளை இல்லை, புருஷன் லாரியோடு போனவன் போனவன்தான். அவளுடைய வலது கட்டைவிரல் மிஷின் பெல்ட்டில் சிக்கி நுனி நசுங்கி, நகமில்லாமல் மொழுக்கென்று இருக்கும். தினமும் விடிந்ததும் அவள் வந்து அந்தக் கட்டைவிரலைப் பவளக்கொடியின் நெற்றியில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே விட்டு, "காச்சல் இல்ல அம்முணி" என்று மயிலாத்தாளிடம் சொல்லிவிட்டுத்தான் பல் விளக்கப் போவாள். ஐந்து வருஷம் ஒரு நாள் தவறவில்லை.

பவளக்கொடிக்கு ஆறு நடந்துகொண்டிருந்த ஐப்பசியில், ஒரு வெள்ளிக்கிழமை, களத்தில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது பிள்ளை ஓடிவந்து தெய்வானை மடியில் ஏறிக்கொண்டது. தெய்வானை அதன் தலையைக் கோதியபடி, "இந்தப் புள்ளைக்கு ரெண்டு ஆத்தா. பெத்தவ ஒருத்தி, தொட்டுப் பாக்கறவ ஒருத்தி" என்றாள்.

களமே சிரித்தது. மயிலாத்தாள் சிரிக்கவில்லை. "அப்படீன்னா இனி நீங்க தொட வேண்டாமுங்க்கா. என்ற புள்ளைய நானே பாத்துக்கறேன்" என்றாள்.

"நெருப்புன்னா வாய் வெந்துருமா மயிலா? வெளையாட்டுக்குச் சொன்னேன்."

"வெந்துருச்சுங்க்கா. இதுக்கு ஒரு வருசம் ஆகல, இப்பவே தெரியுது."

அப்படித்தான் ஆனது. சொல் போகிற பாதை மட்டும் அவளுக்கு நீளவே இல்லை. தெய்வானை எழுந்து இலையை மடித்துப் போட்டுவிட்டுப் போனாள். மறுநாள் விடிந்ததும் வாசல்வரை வந்து நின்று பார்த்தாள். மயிலாத்தாள் கதவைத் திறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பவளக்கொடி பள்ளிக்கூடம் போகாமல் படுத்துக்கொண்டாள். மயிலாத்தாள் அவள் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். கை ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் அது போன வருஷம் குடத்தில் மொண்ட தண்ணீரின் குளிர்ச்சியைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள், தூக்கக் கலக்கம் என்று தோன்றியது. இரண்டு வாய் ரசஞ்சோறு இறங்கியது, பிறகென்ன என்று நினைத்தாள். செங்கோடன் பாய்லரை விட்டு வர முடியாத நாள். நாலடி உயரச் சுவருக்கு அந்தப் பக்கம் தெய்வானை அரிசி புடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. 'அக்கா' என்று ஒரு வார்த்தை கூப்பிட்டால் போதும். அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்து, வீம்பு பிடித்து, திரும்பிப் போனது. அன்று முழுக்க ஏழு தடவை நெற்றியைத் தொட்டாள், ஏழு தடவையும் கூப்பிடவில்லை. புதன் விடிந்தபோது பிள்ளைக்கு வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரியில் பத்தரை மணிக்கு எல்லாம் முடிந்துவிட்டது. "ஒரு நாள் முன்னாடி கொண்டாந்திருந்தா" என்று மட்டும் அங்கே யாரோ சொன்னார்கள், மீதியைச் சொல்லவில்லை.

அன்று மாலை நாலு மணிக்கு ஆண்கள் பிள்ளையை எடுத்துக்கொண்டு போனபோது மயிலாத்தாள் அழவில்லை. பெண்கள் மாரடித்துக்கொண்டிருக்க, அவள் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கண்களை இறுக மூடிக்கொண்டாள். ஏனென்றால் சரியாக அந்த நேரத்தில் அவள் மடியில் ஒரு கனம் ஏறி உட்கார்ந்தது. போன வருஷம் அதே நாலு மணிக்கு, நாலரை வயதுப் பவளக்கொடி, அம்மாவின் மடியில் உட்கார்ந்து, அம்மாவின் பின்னலைப் பிரித்துப் பிரித்து மறுபடி பின்னிக்கொண்டிருந்தாள். கண்ணைத் திறந்தால் அது போய்விடுமோ என்று மயிலாத்தாள் பயந்தாள். தன்னைச் சுற்றி யார் யார் வந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இருட்டின பிறகு கண்ணைத் திறந்தவள் முதலில் சொன்னது, "தெய்வானை பேர இனி என்ற காதுல போடாதீங்க" என்பதுதான். அவர்களும் போடவில்லை. தெய்வானையும் அதற்குப் பிறகு களத்துக்கு வரவில்லை.

சின்னப் பிள்ளைக்குக் காரியமும் கிடையாது, திவசமும் கிடையாது. அந்தக் குறையை மயிலாத்தாளின் உடம்பு தீர்த்துவைத்தது. அவளுக்கு இன்னும் ஒரு வருஷத்துப் பிள்ளை பாக்கி இருந்தது. களத்தில் நடந்துகொண்டே இருப்பாள், திடீரென்று இடுப்பு இடது பக்கம் ஒடியும், கை தன்னால் வளைந்து அணைக்கும். "ஏறிட்டாளா?" என்று பெண்கள் கேட்பார்கள். "ஏறிட்டா" என்பாள். அவர்கள் அவள் கோடுகளையும் சேர்த்து உழுதுவிடுவார்கள். சந்தைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் அவளுக்குப் பக்கத்தில் அரை ஆள் இடத்தை விட்டே மற்றவர்களை உட்காரவைத்தார், அதற்கு டிக்கெட் கேட்கவில்லை. செங்கோடன் பாய்லரிலிருந்து கரியும் வேர்வையுமாக வந்து அவள் முன்னால் குந்தி, "இப்ப எங்க புள்ள தொடறா?" என்று கேட்பான். "காதுலீங்" என்பாள். அவன் அவள் காதுமேல் தன் கையை வைத்து, அங்கே இருக்கும் கையைப் பிடித்துக்கொள்கிறவன்போல வைத்துக்கொண்டே இருப்பான். அவனுக்கு ஒன்றும் கிடைக்காது. கையை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவான்.

காலண்டர் மெலிந்துகொண்டே வந்தது. ஆவணி, புரட்டாசி. அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதி வந்துகொண்டிருந்தது. பிள்ளைக்கு உண்மையில் எப்போது காய்ச்சல் தொடங்கியது, தொட்டபோது எவ்வளவு இருந்தது என்று இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது, அவள் உள்ளங்கை ஒன்றைத் தவிர. அது கிளம்பி வந்துகொண்டிருந்தது. வெதுவெதுப்பாக வந்தால் அவள் பிழைத்தாள். கொதித்துக்கொண்டு வந்தால், கொன்றது அவள்தான்.

ஒரு வாரம் முன்னால் செங்கோடன் அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான். "அன்னைக்கு மட்டும் தெரியாம இருக்க வழி இருக்குதுங்களா?"

"மரத்துப் போக ஊசி போடலாம். வர்ற செய்தி வழியிலயே நின்னுடும்" என்றார். பிறகு மயிலாத்தாளைப் பார்த்து, "ஆனா எதை நிறுத்தணும், எதை விடணும்னு ஊசிக்குத் தெரியாதும்மா. எல்லாத்தையும் நிறுத்திடும்" என்றார்.

மயிலாத்தாள் தன் வலது கையைப் பார்த்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிள்ளை கடைசியாகப் பிடித்திருந்தது அந்தக் கையின் சுண்டுவிரலைத்தான்.

"சுட்டா சுட்டுட்டுப் போவட்டுமுங்" என்றாள்.

அந்தத் தேதி வந்த நாளில் அவள் வேலைக்குப் போகவில்லை. செங்கோடன் பாய்லரை அணைத்துவிட்டு வீட்டில் இருந்தான். அந்த வருஷம் அவன் தாளில் எழுதுவதை நிறுத்தியிருந்தான், ஆனாலும் எந்த நேரம் எது வரும் என்று அறிய அன்றைக்கு அவர்களுக்குத் தாள் தேவைப்படவில்லை. ஒன்பது மணிக்கு அவள் உள்ளங்கையில் பிள்ளையின் நெற்றி வந்து பொருந்தியது. அந்தச் சின்ன மேடு, புருவத்தின் மயிர், எல்லாம் வந்தது. அதோடு சூடும் வந்தது.

"எப்புடி இருக்குது?" என்றான் செங்கோடன்.

ஆவி பறக்கக் கொட்டிய அவித்த நெல்லை அள்ளினால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. காலை ஒன்பது மணிக்கே அப்படி இருந்திருக்கிறது. கை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. இழுக்க வேண்டிய நாள் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. பதினொன்றுக்கு வந்தது, பன்னிரண்டரைக்கு வந்தது, சோறு ஊட்டிய கையோடு தொட்ட இரண்டு மணிக்கு வந்தது, ஒவ்வொன்றும் முந்தினதைவிடக் கொதித்தது. ஏழாவது தடவை வந்து போனதும், "மொத தடவையே தெரிஞ்சிருக்குமுங்" என்றாள். "தொட்ட கைக்குத் தெரிஞ்சிருக்குமுங்." செங்கோடன் எழுந்து வெளியே போய், அணைந்துகிடந்த பாய்லரின் முன்னால் உட்கார்ந்து அழுதான். ஒரு சொல்லும் அவன் அவளைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறுநாள் அவளே களத்துக்கு வந்து ஓரமாக உட்கார்ந்தாள். வீட்டில் தனியாக அதை வாங்கிக்கொள்ள அவளால் முடியவில்லை. பெண்கள் நெல்லை அப்படியே விட்டுவிட்டு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள், முதலாளி கண்டும் காணாததுபோல உள்ளே போய்விட்டார். அவள் வலது சுண்டுவிரலை மட்டும் நீட்டி மடியில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து சின்ன விரல்கள் அதைப் பிடித்திருந்தன. பத்து மணிக்குப் பிடித்திருந்தன. பத்தேகாலுக்குப் பிடித்திருந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் தளர்ந்தன, கடைசியாக ஒன்று கொஞ்ச நேரம் கொக்கிபோல மாட்டியிருந்து அதுவும் நழுவியது.

"முடிஞ்சுதுங்" என்றாள்.

பெண்கள் அழுதார்கள். போன வருஷம் அழாத அழுகையை அவள் இப்போது அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நெல்லுக்குள் இறங்கி உழ ஆரம்பித்தாள். இனி வர ஒன்றுமில்லை. இந்த உடம்பைச் சுமந்துகொண்டு எதற்காக இன்னொரு வருஷம் நடக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆலைக்குப் பின்னால் நெல் ஊறவைக்கும் தொட்டி ஆள் ஆழத்துக்கு நிரம்பி நின்றது. அவள் கால் கோடு கிழித்தபடி அந்தப் பக்கமாகப் போய்ப் போய்த் திரும்பியது. அதை மற்றப் பெண்கள் கவனித்தார்கள், யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

நாலு மணி அடித்தது. போன வருஷம் பிள்ளையை எடுத்துக்கொண்டு போன நேரம்.

மயிலாத்தாளைப் பின்னாலிருந்து இரண்டு கைகள் கட்டிக்கொண்டன. அவள் நெல்லுக்கு நடுவே நின்றுவிட்டாள். வயிற்றைச் சுற்றி இறுக்கமாக, ஆள் விழுந்துவிடாமல் தாங்குகிற பிடி அது. முதுகில் ஒரு நெஞ்சு வந்து ஒட்டியது, அது விம்மி விம்மித் தணிந்தது. பிடறியில் சொட்டுச் சொட்டாக வெந்நீர் விழுந்து கழுத்து வழியாக இறங்கியது. யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. பெண்களைத் திரும்பிப் பார்த்தாள், அவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒரு கை மேலே ஏறி வந்து அவள் நெற்றியைத் தொட்டது. நகமில்லாத மொழுக்கென்ற ஒரு கட்டைவிரல், நெற்றியின் நடுவில் படிந்து, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

போன வருஷம் அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது வந்து கட்டிக்கொண்ட அந்தக் கைகள் அன்றைக்கு விடவே இல்லை. நாலரைக்கும் பிடித்திருந்தன, ஐந்துக்கும் பிடித்திருந்தன. அந்தப் பிடிக்குள் இருந்துகொண்டேதான் மயிலாத்தாள் களத்தை விட்டு இறங்கி, குடியிருப்புக்கு நடந்து, ஒரு வருஷமாக மிதிக்காத வாசலில் போய் நின்றாள். தெய்வானை முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் முறத்தைக் கீழே வைக்க மறந்துபோனாள்.

மயிலாத்தாள் வலது உள்ளங்கையை விரித்து நீட்டினாள். "தொட்டுப் பாத்துச் சொல்லுங்க்கா."

தெய்வானைக்கு விளங்கியது. பிள்ளை படுத்துக்கிடந்த அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் அதன் சத்தமே கேட்கவில்லையே என்று அவளுக்கும் தோன்றியிருந்தது. தொட வேண்டாம் என்று சொன்ன பிறகு நமக்கென்ன என்று புடைத்துக்கொண்டே இருந்தவள்தான் அவளும். கட்டைவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்த உள்ளங்கையின் நடுவில் வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே விட்டாள்.

"காச்சல் இல்ல அம்முணி" என்றாள். "வெறும் வெதுவெதுப்புத்தான். நானா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருக்க மாட்டேன்."

அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மயிலாத்தாள் அதைக் கேட்டு, சரி என்று தலையாட்டினாள். தலையாட்டியதும் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு வருஷம் தள்ளி வந்ததும் அதற்கு முந்தியதும் எல்லாம் சேர்ந்து வந்தது. தெய்வானை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

பொழுது சாயும்போது மயிலாத்தாள் எழுந்து, தெய்வானை வீட்டுக் காலண்டரில் அன்றையத் தாளைக் கிழித்தாள். பென்சில் கேட்டு வாங்கி, பின்பக்கத்தில் தன் கையாலேயே எழுதினாள்: 'மாலை ஐந்தே கால், வலது உள்ளங்கை, தெய்வானை அக்கா.' அதைக் கொண்டுபோய்த் தன் வீட்டுக் கம்பியில் குத்தினாள். அக்கா விரல் வைத்ததைக் கண்ணால் பார்த்தாளே தவிர, கை இன்னும் அதை அறியவில்லை. அது கிளம்பிவிட்டது, வந்து சேர ஒரு வருஷம் ஆகும். அது வருகிறவரைக்கும் அவள் இருந்தாக வேண்டும்.